தயிர், மோர், கெஃபிர்: புளித்த பால் பானங்களை வீட்டிலேயே சரியாகச் செய்ய

தயிர் உறையாமல் போனால் முதலில் உறைமோரைத்தான் குறை சொல்கிறோம். கோளாறு பெரும்பாலும் அதில் இருப்பதில்லை, சூட்டில் இருக்கிறது. பால் எவ்வளவு காய்ந்தது, உறை ஊற்றும்போது எவ்வளவு சூடாக இருந்தது, அதன்பிறகு பாத்திரம் எந்த இடத்தில் இருந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் தயிர் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வரும். மோர், குடிக்கும் தயிர், மணி போன்ற உறையால் புளிக்கும் பால் பானமான கெஃபிர் எல்லாம் அதே வேலையின் கிளைகள்தான். இருநூறு டிகிரிவரை காட்டும் சாதாரண சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை.

பாலுக்குள் நடப்பது

100 மி.லி. பசும்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சுமார் 4.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். உறையில் உள்ள பாக்டீரியாக்கள் இதில் ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு அங்கிருந்துதான் வருகிறது. புளிப்பு ஏற ஏறக் குறையும் பிஎச் என்ற அளவு நல்ல பாலில் 6.6, 6.7 அளவில் இருக்கும். அமிலம் ஏற ஏற அது இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது கேசின் என்ற பால் புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு வலைபோல் ஆகிறது. தயிர் உறைவது என்பது இதுதான். உறைந்துவிட்டதால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடாது. குளிரில் வைக்கும்வரை புளிப்பு ஏறிக்கொண்டே இருக்கும்.

இந்த பாக்டீரியாக்களில் இரண்டு கூட்டம் உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் இரண்டும் 40 முதல் 45 டிகிரி செல்சியஸில் சுறுசுறுப்பாக இருக்கும். கெட்டியான, இதமான புளிப்புள்ள தயிர் இவற்றின் வேலை. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் போன்றவை 20 முதல் 30 டிகிரியில், அதாவது அறைச் சூட்டிலேயே, மெதுவாக வளரும். வீட்டில் கைமாறி வரும் உறையில் இரண்டு கூட்டமும் கலந்திருப்பது வழக்கம். எந்தச் சூட்டில் உறைய விடுகிறீர்களோ அந்தச் சூடு பிடித்த கூட்டம் மேலோங்கும். ஒரே உறை இரண்டு வீடுகளில் இரண்டு விதமான தயிராக மாறுவதற்கு இதுதான் காரணம்.

பால்

கறந்த பாலை அப்படியே உறை ஊற்றக் கூடாது. புருசெல்லா, லிஸ்டீரியா, காசநோய்க் கிருமி போன்றவை பச்சைப்பாலில் இருக்கக்கூடும். தயிரின் புளிப்பு இவற்றை நம்பகமாகக் கொன்றுவிடாது. பால் பொங்கி வந்தால் போதும் என்று அடுப்பை அணைத்தால் கிருமி விஷயத்தில் பாதுகாப்புதான். தயிர் கெட்டியாக வர அது போதாது.

பாலில் கேசின் தவிர, வே (தயிர் விடும் தெளிநீர்) புரதங்களும் உண்டு. 85 டிகிரிக்கு மேல் சற்று நேரம் நின்றால் இவை உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது தயிரின் வலை நெருக்கமாகி, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 85 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம், அல்லது 90 முதல் 95 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், பால் பொங்கியதும் தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் சிறு குமிழ் வரும் நிலையில் பத்து நிமிடம் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டிருங்கள். அடிப்பிடித்த வாடை எத்தனை புளித்தாலும் போகாது.

பாக்கெட்டில் வரும் பாஸ்டுரைஸ் செய்த பாலுக்கும் இதே காய்ச்சல் தேவை. 72 டிகிரியில் 15 நொடி சூடாக்குவது கிருமிகளைக் கொல்வதற்கான கணக்கு. தயிரின் கெட்டித்தன்மைக்கான கணக்கு அல்ல. நீண்ட நாள் கெடாத அட்டைப்பெட்டிப் பால் 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடேற்றப்பட்டது. அதைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம், 43 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும். அதில் தயிர் சற்று மென்மையாகத்தான் நிற்கும். குடிக்கும் தயிருக்கு அது குறையே அல்ல.

கொழுப்பு குறைந்த பாலில் கெட்டித் தயிர் வேண்டுமென்றால் லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் பால்பவுடரைக் காய்ச்சுவதற்கு முன்பே, குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துவிடுங்கள்.

உறை ஊற்றுதல்

ஒரு லிட்டர் பாலுக்கான கணக்கு இது.

1. காய்ச்சிய பாலை 43 டிகிரிக்கு ஆற விடுங்கள். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறும். வெப்பமானி இல்லாதவர்கள் விரலைப் பாலில் விட்டுப் பார்ப்பதைவிட, சுத்தமான கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பாருங்கள். சூடு நன்றாக உறைக்க வேண்டும், சுடக் கூடாது.

2. ஐந்து நாளுக்குள் உறைந்த, உப்பு சேராத தயிரில் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பரப்பை விட்டுவிட்டு நடுவிலிருந்து எடுப்பது நல்லது.

3. அதைக் கால் கப் வெதுவெதுப்பான பாலில் கட்டியில்லாமல் அடித்துக் கலக்கி, பிறகு மொத்தப் பாலிலும் விட்டு ஒரு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். கட்டியாகப் போட்ட உறை அடியில் தங்கி அங்கே மட்டும் புளித்துப்போகும்.

4. மூடி, 40 முதல் 43 டிகிரி குறையாத இடத்தில் அசைக்காமல் வையுங்கள்.

அப்படி ஓர் இடம் எங்கே? வெந்நீர் ஊற்றிக் கொட்டிய தெர்மாஸ் குடுவையிலோ சூடு காக்கும் ஹாட்பாக்ஸிலோ வைக்கலாம். விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனும் ஆகும். 45 டிகிரி தண்ணீர் நிரப்பிய பெரிய பாத்திரத்துக்குள் தயிர்ப் பாத்திரத்தை இறக்கி, தடித்த துணியால் சுற்றி வைப்பது எல்லார் வீட்டிலும் முடியும். இந்தச் சூட்டில் 4 முதல் 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். 30 டிகிரி அறையில் சும்மா வைத்தால் 7 முதல் 9 மணி நேரம், 25 டிகிரியில் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். அறை 20 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் சுற்றி வைக்காமல் உறைய வைக்க முயல வேண்டாம். உறையை இரண்டு மேசைக்கரண்டியாகக் கூட்டலாம், ஆனால் சூட்டுக்கு அது ஈடாகாது.

பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கும்போது தயிர் ஓரத்திலிருந்து ஒரே துண்டாக விலகினால் உறைந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்திலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். 4 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் இருந்தால் இன்னும் இறுகும். அதற்கு முன் கரண்டி போட்டால் தண்ணீர் விடும்.

தயிரில் வரும் கோளாறுகள்

பால் அப்படியே பாலாக இருக்கிறதா? உறை ஊற்றும்போது பால் 50 டிகிரிக்கு மேல் இருந்திருந்தால் பாக்டீரியாக்கள் அடிபட்டிருக்கும். சூடு சரியாக இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் அடுத்த சந்தேகம் பாலின்மீது. மாட்டுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்து பாலில் மிஞ்சியிருந்தால் உறை வளரவே வளராது. எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதே பாலில் ஒரு கப் எடுத்து வேறு உறையும், வேறு பாலில் ஒரு கப் எடுத்து அதே உறையும் ஊற்றி, இரண்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். எந்தக் கப் உறையவில்லையோ, அதில் நீங்கள் மாற்றாமல் விட்ட பொருள்தான் (பாலோ உறையோ) காரணம்.

பாதி உறைந்து கொழகொழவென நிற்பது பெரும்பாலும் சூடு போதாமல்தான். வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி இன்னும் இரண்டு மணி நேரம் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். காய்ச்சிய மறுநாள்வரை அறையில் தவிக்க விடுவது தப்பு. பாதிப் புளிப்பில் நிற்கும் பால் வேறு கிருமிகளுக்குத் திறந்த வீடு.

மேலே மஞ்சள் கலந்த பச்சைநிறத் தெளிநீர் நிற்பது கெட்டதற்கு அடையாளம் அல்ல. அது வே நீர். அதில் சத்துகள் இருக்கின்றன, கொட்ட வேண்டாம். ஆனால் நிறைய நின்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: பால் போதிய நேரம் காயவில்லை, உறை அதிகமாகிவிட்டது, அல்லது உறைந்தபிறகும் சூட்டிலேயே கிடந்தது. உறையைக் கூட்டினால் கெட்டியாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் அமிலம் வேகமாக ஏறி, வலை சுருங்கி, தயிர் மணல்மணலாகித் தண்ணீர் கக்கும்.

நூல்போல இழுபடும் தயிருக்கு, தாழ்ந்த சூட்டில் பிசின் போன்ற பொருளை உண்டாக்கும் பாக்டீரியா வகைகள் காரணம். வாடை சரியாக இருந்தால் தீங்கில்லை. பிடிக்காவிட்டால் உறையை மாற்றி 42 டிகிரியில் உறைய விடுங்கள். கசப்புச் சுவைக்குப் பழைய பால் காரணமாக இருக்கும். ஃப்ரிட்ஜில் பல நாள் கிடந்த பாலில் குளிரிலும் வளரும் கிருமிகள் விட்டுச்செல்லும் நொதிகள் காய்ச்சினாலும் முழுதாகச் சாகாமல் புரதத்தை உடைக்கும். தயிருக்குப் புதுப் பாலையே எடுங்கள்.

தயிருக்குள் ஓட்டை ஓட்டையாகக் காற்றுக்குமிழ் இருந்து பஞ்சுபோல உப்பியிருந்தால், சுத்தம் போதவில்லை. வேண்டாத கிருமியோ ஈஸ்ட்டோ புகுந்துவிட்டது. கொட்டிவிடுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று எந்த நிறப் பூஞ்சை தென்பட்டாலும் மேலே வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் வேண்டாம். பூஞ்சையின் வேரிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். அந்தத் தயிரிலிருந்து உறையும் எடுக்கக் கூடாது.

குடிக்கும் தயிர்

உறைந்த தயிரைச் சூட்டோடு அடித்தால் துகள் துகளாகும். முதலில் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து 20 டிகிரி அளவுக்கு இறக்குங்கள். பிறகு கம்பி மத்தால் மெதுவாகக் கலக்கி, ஒரு லிட்டர் தயிருக்கு 200 முதல் 250 மி.லி. காய்ச்சி ஆறவைத்த குளிர்நீரோ குளிர்ந்த பாலோ சேருங்கள். மிக்ஸியில் போடுவதானால் குறைந்த வேகத்தில் ஐந்து நொடிக்கு மேல் ஓட விடாதீர்கள். அதிக வேகம் வலையை முற்றாக உடைத்துவிடும், கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் தயிரும் பிரிந்து நிற்கும்.

பழம் சேர்ப்பது எப்போதும் புளித்து முடிந்தபிறகுதான். முன்னாலேயே சேர்த்தால் பழத்தின் அமிலத்தில் பால் திரியும், பழத்தோலில் இருக்கும் ஈஸ்ட்டும் கூடவே வளரும். மாம்பழம், வாழைப்பழம், வேகவைத்த ஆப்பிள் எல்லாம் நன்றாக ஒத்துப்போகும். பச்சையான அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. இவற்றைக் கலந்து வைத்தால் அரைமணி, ஒருமணி நேரத்தில் பானம் கசக்கத் தொடங்கும். கலந்த உடனே குடித்துவிடலாம். இல்லையென்றால் பழத்தை இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள். சூட்டில் நொதி செயலிழந்துவிடும்.

வெளியில் விற்கும் இனிப்பான தயிர்ப் பானத்தைவிட வீட்டில் செய்வதன் பெரிய லாபம் சர்க்கரை உங்கள் கையில் இருப்பதுதான். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம் என்று நினைவில் வைத்து அளந்தே போடுங்கள். சற்று முன்னதாகவே, புளிப்பு ஏறுவதற்குள், குளிரில் எடுத்துவைத்த தயிருக்கு இனிப்பே வேண்டியிருக்காது. குழந்தைகளுக்கான பானத்துக்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான்.

மோர்

இரண்டு விதமான பானத்தை ஒரே பெயரால் அழைக்கிறோம். தயிரில் தண்ணீர் விட்டு அடித்தது ஒன்று. கடைந்து வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சுவது இன்னொன்று. முதலாவதில் பாலின் கொழுப்பு முழுதும் இருக்கும். இரண்டாவதில் பெரும்பகுதி வெண்ணெயோடு போய்விடும்.

கடைந்து எடுக்க முழுக்கொழுப்புப் பாலின் தயிர் வேண்டும். ஹோமோஜினைஸ் செய்த பாலில் கொழுப்புத் துளிகளைப் பொடிப்பொடியாக உடைத்துவிட்டிருப்பார்கள். அதில் எத்தனை நேரம் கடைந்தாலும் வெண்ணெய் ஒழுங்காகத் திரளாது. தயிரின் சூடு 12 முதல் 16 டிகிரியில் இருக்கட்டும். அதைவிடச் சூடாக இருந்தால் வெண்ணெய் இளகி மோரிலேயே கரைந்து நிற்கும். மிகக் குளிர்ந்திருந்தால் துளிகள் ஒட்டாது. தயிருக்குப் பாதியளவு குளிர்நீர் விட்டு மத்தால் கடையுங்கள். மேலே நுரை அடங்கி, கடுகு கடுகாக வெண்ணெய் மிதக்கும் கணத்தில் ஒரு கை குளிர்நீர் தெளித்து, மெதுவாகச் சுழற்றினால் ஒன்றுசேர்ந்துவிடும்.

அன்றாட மோருக்கு ஒரு பங்கு தயிர், இரண்டு முதல் மூன்று பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர். தண்ணீர் சுத்தமில்லை என்றால் பாலைக் காய்ச்சியதெல்லாம் வீண். உப்பில் கவனம் தேவை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. லிட்டர் மோருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் 200 மி.லி. டம்ளர் ஒன்றிலேயே அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அரைத் தேக்கரண்டியோடு நிறுத்தி, இஞ்சியும் சீரகத்தூளும் சுவையைத் தூக்கிக் கொடுக்கட்டும். இன்னொன்று, நீர்த்த மோரில் சத்தும் நீர்த்தே இருக்கும். பாலில் 100 மி.லி.க்கு 120 மி.கி. அளவில் கால்சியம் உண்டு. ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்ட மோரில் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். தாகத்துக்கு மோர் அருமை, பாலுக்கு மாற்றாக அதை மட்டும் நம்பக் கூடாது.

கெஃபிர்

காகசஸ் மலைப்பகுதியில் பிறந்த பானம். தயிரிலிருந்து இதைப் பிரிப்பது உறையின் வடிவம். காலிஃபிளவர் பூவின் சிறு துணுக்குகள்போல, வெள்ளையாக, ரப்பர்போல மெத்தென்று இருக்கும் மணிகள்தான் உறை. கெஃபிரான் என்ற சர்க்கரைப் பிசினும் புரதமும் சேர்ந்த கூட்டுக்குள் லாக்டிக் பாக்டீரியாக்கள், ஈஸ்ட்டுகள், அசிட்டிக் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒன்றாகக் குடியிருக்கின்றன. இந்த மணிகளை வீட்டில் புதிதாக உண்டாக்க முடியாது. இருக்கும் மணியிலிருந்துதான் மணி வளரும். தூளாக விற்கும் கெஃபிர் உறையிலும் பானம் வரும், ஆனால் மணி வளராது. சில முறைகளுக்குப்பின் புதுத் தூள் வாங்க வேண்டியிருக்கும்.

ஒரு மேசைக்கரண்டி மணிக்கு 400 முதல் 500 மி.லி. பால். காய்ச்சி, அறைச் சூட்டுக்கு முழுதாக ஆறிய பால். தயிருக்குப் போல வெதுவெதுப்பாக விடக் கூடாது. 35 டிகிரிக்கு மேல் ஈஸ்ட்டும் மணியும் தளர்ந்துவிடும். கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயில் மெல்லிய துணி கட்டி, வெயில் படாத இடத்தில் 20 முதல் 25 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள். இடையில் ஒருமுறை ஜாடியை லேசாகச் சுழற்றினால் சீராகப் புளிக்கும். அறை 30 டிகிரி இருந்தால் 12 முதல் 14 மணி நேரத்திலேயே ஆகிவிடும். அப்போது அதே மணிக்கு 700 மி.லி. பால் விடுவது நல்லது.

பால் கெட்டியாகி, ஓரத்தில் முதல் தெளிநீர்க் கோடு தெரியும்போது வடிகட்டுங்கள். பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வடிகட்டி போதும். உலோகமே படக் கூடாது என்பது மிகைப்பட்ட பயம். செம்பு, பித்தளை, அலுமினியம் மட்டும் வேண்டாம். இவை அமிலத்தில் கரையும். தயிர், மோர் பாத்திரத்துக்கும் இதே விதி. மணிகளைக் கழுவ வேண்டியதில்லை. குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கெடுக்கும். வடித்த மணியை நேராகப் புதுப் பாலில் போட்டுவிடுங்கள்.

முழுதும் தெளிநீராகவும் திப்பியாகவும் பிரிந்துவிட்டால் நேரம் மிஞ்சிவிட்டது அல்லது மணி கூடிவிட்டது. மணிகள் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மேசைக்கரண்டி இரண்டானதும் பாதியை எடுத்துவிடுங்கள். ஈஸ்ட் வாடை தூக்கலாக வந்தால் அறை மிகச் சூடாக இருக்கிறது, நேரத்தைக் குறையுங்கள். புதிதாக வாங்கிய மணி முதல் மூன்று நான்கு முறை சுமாராகத்தான் வேலை செய்யும். அந்தப் பானத்தைக் குடிக்காமல் கொட்டிவிட்டு, சுவை நிலைபெற்றபின் குடிக்கத் தொடங்கலாம். மணி வழவழப்பாகி நசுக்கினால் கரைந்துபோனாலோ நிறம் மாறினாலோ அதைக் காப்பாற்றப் போராட வேண்டாம்.

வடித்த கெஃபிரை மூடி போட்ட பாட்டிலில் மறுபடி புளிக்க விட்டால் நுரைக்கும். ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு உள்ளே அடைபட்டிருக்கும். இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலை அறையில் மறந்துவிட்டால் வெடிக்கவும் கூடும். மேலே கால் பங்கு காலி விட்டு, 12 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல், இடையில் திறந்து காற்றை வெளியேற்றிக் குளிரில் வையுங்கள்.

கெஃபிரில் சிறிது மது உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 24 மணி நேரம் புளித்ததில் பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் கீழே இருக்கும். நேரம் கூடக்கூட, மூடி வைக்க வைக்க அது ஏறும். சிறு குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மதுவை முற்றாகத் தவிர்ப்பவர்களுக்கும் கெஃபிரைவிடத் தயிரும் மோருமே பொருத்தம்.

உடம்புக்கு என்ன செய்யும், யார் கவனமாக இருக்க வேண்டும்

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். காரணம் தெளிவானது. லாக்டோஸில் ஒரு பகுதி ஏற்கெனவே அமிலமாகிவிட்டது. மீதியை உடைக்கும் நொதியைத் தயிரின் உயிருள்ள பாக்டீரியாக்களே குடலுக்குள் கொண்டுவருகின்றன. அந்தப் பயன் வேண்டுமானால் தயிரைக் கொதிக்க விடக் கூடாது. கொதித்தால் பாக்டீரியா இறந்துவிடும். புரதமும் கால்சியமும் மட்டும் மிஞ்சும். பால் ஒவ்வாமை என்பது வேறு விஷயம். அது புரதத்தால் வருவது, புளிக்க வைத்தாலும் புரதம் போகாது. ஒவ்வாமை உள்ளவர் தயிரையும் கெஃபிரையும் தொடக் கூடாது.

இதற்கு மேல் சொல்லப்படும் பல வாக்குறுதிகளை நிதானத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பல்கேரியத் தயிரில் லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் பாக்டீரியாவை 1905-இல் ஸ்டாமென் கிரிகோரொவ் கண்டறிந்தார். தயிர் முதுமையைத் தள்ளிப்போடும் என்ற கருத்தைப் பரப்பியவர் எலீ மெச்னிகோவ். 1908-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசைத் தயிருக்குக் கிடைத்ததுபோல எழுதுகிறார்கள். அது நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்குக் கிடைத்த பரிசு. புளித்த பால் நல்ல உணவு. மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்புவது ஆபத்து.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக எந்தப் பால் பானத்தையும் கொடுக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குப்பின் மற்ற உணவோடு உப்பும் சர்க்கரையும் சேராத புதுத் தயிரைக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தேன் சேர்த்த பானம் ஒரு வயதுக்கு முன் கூடவே கூடாது. குழந்தைகளுக்கு வரும் பொட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு அது வழிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டபின்பே வீட்டில் புளிக்க வைத்த பானத்தைத் தொடங்க வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளை விழுங்குகிறவர்கள் அதே நேரத்தில் தயிர், மோர் சாப்பிட்டால் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எவ்வளவு இடைவெளி என்பதை மருந்து கொடுத்தவரிடம் கேளுங்கள்.

பழக்கமில்லாதவர்கள் கெஃபிரை அரை டம்ளரில், சுமார் 100 மி.லி.யில் தொடங்குங்கள். முதல் சில நாள் வயிற்றில் வாயு சேரலாம். ஒரு வாரம் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.

உறையைக் காப்பாற்றி வைக்க

தயிர் எடுத்ததும், யாரும் கரண்டி விடுவதற்கு முன், இரண்டு மேசைக்கரண்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்த சிறு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த ஒரு பழக்கம் உறை கெடுவதைப் பெருமளவு தடுத்துவிடும். ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது புதுப் பாலில் உறை ஊற்றுங்கள். தொடர்ந்து அதிகமாகப் புளிக்கவிட்ட தயிரிலிருந்தே உறை எடுத்துவந்தால் அமிலத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களின் கை ஓங்கி, தயிர் வரவரக் கடும்புளிப்பாகும். அந்தக் கட்டத்தில் புதிய உறைக்கு மாறிவிடுவதுதான் சிக்கனம். உப்பும் பழமும் சேராத, உயிருள்ள பாக்டீரியா இருக்கிறது என்று எழுதிய எந்தத் தயிரும் புதிய உறையாகும்.

தயிர் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம், கெஃபிர் பத்து நாள் வரை நன்றாக இருக்கும். மோரை அன்றன்றே கலக்குவது நல்லது. தண்ணீரும் மசாலாவும் சேர்ந்தபின் ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

வெளியூர் போவதானால் கெஃபிர் மணிகளைப் புதுப் பாலில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு வாரம் தாங்கும். திரும்பி வந்ததும் அந்தப் பாலை வடித்துக் கொட்டிவிட்டு மணியைப் புதுப் பாலுக்கு மாற்றுங்கள். அதைவிட நீண்ட காலம் என்றால், மணிகளைக் காய்ச்சி ஆறிய நீரில் அலசி, சுத்தமான துணியில் ஒற்றி, பால்பவுடரில் புரட்டிச் சிறு பையில் கட்டி ஃப்ரீசரில் போடலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால், குளிர்ந்த பாலில் இளக்கி, தினமும் பாலை மாற்றிக்கொண்டே ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும்.